இலவச போன், இரண்டு வருட பிளான்: சேரலாமா?

கேள்வி: நாலு வருடமாக வைத்திருக்கும் போனில் இப்போது மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்பதில்லை. புதிது வாங்க விசாரித்தால், அன்லிமிடெட் டேட்டா பிளானில் 24 மாதம் சேர்ந்தால் போன் இலவசம் என்கிறார்கள். பேசுவது, மெசேஜ், வீடியோ கால், எப்போதாவது யூடியூப். என் தேவை அவ்வளவுதான். சேரலாமா?

பதில்: கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். அந்த பிளானின் மாதக் கட்டணத்தை 24ஆல் பெருக்குங்கள். போன் இல்லாமல் சிம் மட்டும் தரும், உங்களுக்குப் போதுமான பிளான் ஒன்றையும் அப்படியே பெருக்குங்கள். முதலாவது மாதம் 40, இரண்டாவது 15 என்று வைத்துக்கொண்டால் 960, 360 என்று வரும். நடுவில் இருக்கும் 600தான் அந்த ‘இலவச’ போனின் விலை. அதே மாடல் தனியாக 450க்குக் கிடைத்தால் பேச்சுக்கே இடமில்லை. கணக்கு உங்கள் பக்கம் சாய்வதும் உண்டு. அப்போது தாராளமாகச் சேரலாம், ஆனால் நடுவில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை போதாது.

‘உங்களுக்குப் போதுமான பிளான்’ எது என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், உங்கள் போனிடம் கேளுங்கள். செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பகுதியில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்பது வரிசையாக இருக்கும். ஐபோன் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்த எண் மாதாமாதம் தானாகப் பூஜ்ஜியமாகாது, கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து கூடிக்கொண்டே போகும். இன்று ரீசெட் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். சாதாரணத் தரத்தில் வீடியோ பார்த்தால் மணிக்கு 1 ஜிபிக்குள் முடியும், ஹெச்டி என்றால் 3 ஜிபி வரை போகும். வீட்டில் வைஃபை இருந்து, யூடியூப் எப்போதாவதுதான் என்றால், அன்லிமிடெட் உங்களுக்கு வீண் செலவாகத்தான் இருக்கும்.

அந்த அன்லிமிடெட்டுக்கும் பெரும்பாலும் ஒரு எல்லை உண்டு. குறிப்பிட்ட ஜிபி தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், அந்த வரி பொடி எழுத்தில் இருக்கும். வேகம் 128 கேபிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 128 கிலோபிட்) குறைந்துவிட்டால் 1 ஜிபி டவுன்லோட் ஆக 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெசேஜ் போகும், வீடியோ காலை மறந்துவிட வேண்டியதுதான்.

சிக்னல் விஷயத்தில் நிறுவனத்தின் வரைபடத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சுவர்களுக்கு உள்ளே என்ன நடக்கும் என்பது அதில் தெரியாது. ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கி, நீங்கள் தூங்கும் அறையிலும் வேலை செய்யும் இடத்திலும் சில நாள் வைத்துப் பார்ப்பதுதான் மலிவான சோதனை. பெரிய நிறுவனத்தின் டவர்களையே வாடகைக்கு எடுத்து நடத்தும் சின்ன நிறுவனங்களையும் விசாரியுங்கள். கட்டணம் பெரும்பாலும் குறைவு. நெரிசல் நேரத்தில் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு வேகம் முதலில் குறையலாம், அதையும் சேர்த்தே யோசியுங்கள்.

இனி போன். உங்கள் குறை சார்ஜ் மட்டும்தானே? பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வருகிறதென்றால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, சிம் பிளானில் ஓட்டுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். அப்டேட் நின்றுவிட்டதென்றால் மட்டும் புதிது. அதிலும் கேமராவுக்கு எத்தனை மெகாபிக்ஸல் என்பதைவிட எத்தனை வருடம் அப்டேட் என்பதைக் கேளுங்கள். 2023இல் வந்த கூகுளின் பிக்ஸல் 8 போனுக்கும் 2024இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24க்கும் 7 வருடம் என்று அறிவித்தார்கள், விலை குறைந்த மாடல்களில் இது பல சமயம் பாதிகூட இருக்காது. அந்த வருடங்கள் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. போன வருட மாடலைத் தள்ளுபடியில் எடுப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய போனை வாங்குகிறேன். ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் வேலை செய்யும்படி லாக் ஆகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்பே வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில் ‘கேரியர் லாக்’ என்ற வரிக்கு எதிரே சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கவேண்டும். கூடவே *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண், வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.