கையைவிட்டுப் போன பிறகு பிள்ளை செய்ய என்ன இருக்கிறது?

கேள்வி இது: "என் மகனுக்கு 14 வயது. ஃப்ரீ ஃப்ளைட் மாடல் விமானத்தில் ஜூனியர் அணித் தேர்வுக்குப் போகவேண்டும் என்கிறான். விட்ட பிறகு கட்டுப்படுத்தவே முடியாத விமானத்தில் அவனுடைய திறமை என்று என்ன இருக்கிறது? காசுள்ள அப்பாவும் அதிர்ஷ்டமும்தானே ஜெயிக்கும்?"

மூன்று நாளாக இதைத் திறந்து படிப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சொல்கிற அந்த அப்பா நான்தான்.

என் மகள் ஜூனியர் உலகப் போட்டியில் பறக்கவிட்டவள். வடக்கு மாசிடோனியாவில் பிரிலெப் என்ற ஊருக்கு வெளியே பெலகோனியா சமவெளியில் நடந்தது. எந்த ஆண்டு, எந்த அணி என்று எழுதப்போவதில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள்தான் போகிறார்கள், தேடினால் யார் என்று தெரிந்துவிடும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்கள் மகன் எந்த வகுப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. ஜூனியர்களுக்கு மூன்று இருக்கின்றன. எஃப்1ஏ என்பது கிளைடர்: 410 கிராமுக்குக் குறையாத விமானத்தை 50 மீட்டர் நூலில் கட்டி, பட்டம் போல ஓடி ஏற்றி, அங்கேயே வட்டமடிக்க வைத்து, நல்ல காற்று வரும்போது விடுவிக்க வேண்டும். எஃப்1பி (ஆங்கில எழுத்து B) ரப்பர் வகுப்பு, என் மகளுடையது: முறுக்கிய ரப்பர் பிரியும் விசையில் மூக்கில் இருக்கும் விசிறி சுழன்று விமானத்தை மேலே ஏற்றும். மூன்றாவதும் காதில் எஃப்1பி என்றே விழும், ஆனால் எழுத்து P; அதில் சின்ன எஞ்சின் வைத்த விமானங்கள். போட்டி நடக்கும் ஆண்டில் 18 வயதைத் தாண்டாதவர்கள் ஜூனியர். என் மகள் போனபோது ஏழு சுற்று, ஒரு பறப்புக்கு அதிகபட்சம் 180 விநாடிதான் கணக்கு. ஏழும் முழுதாக வந்தால் 1260. முழுதாக வந்தவர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் நேரத்தை நீட்டி மறுபடி பறக்கவிடுவார்கள்.

'கட்டுப்படுத்தவே முடியாது' என்கிறீர்கள். அது ஏறக்குறைய உண்மை. ரேடியோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் பறப்பை முடித்துவைக்க மட்டும். பொத்தானை அழுத்தினால் வால் சிறகு மேலே தூக்கிக்கொள்ளும், விமானம் கிடைமட்டமாக அப்படியே கீழே இறங்கும். திருப்ப முடியாது, ஏற்ற முடியாது. வீசிய நொடியில் வால் எந்தக் கோணம், சுக்கான் எவ்வளவு, எத்தனையாவது விநாடியில் எது மாறவேண்டும் என்பதெல்லாம் விமானத்துக்குள் இருக்கும் டைமரில் முன்கூட்டியே வைத்தது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? நூற்றுக்கணக்கான பயிற்சிப் பறப்புகளிலிருந்து. என் மகளிடம் அப்படி மூன்று நோட்டுகள் இருக்கின்றன.

காசு விஷயத்தை மறைக்கப்போவதில்லை. செய்தவரேதான் பறக்கவிட வேண்டும் என்ற விதி இந்த வகுப்புகளுக்கு இல்லை. கார்பன் இறக்கை வைத்த நல்ல விமானங்களை உக்ரைன் போன்ற நாடுகளில் கைதேர்ந்தவர்கள் செய்து விற்கிறார்கள், நாங்களும் வாங்கினோம். அவளே செய்த ஒன்றும் பெட்டியில் இருந்தது, ஆனால் போட்டியில் பறந்தது பெரும்பாலும் வாங்கியதுதான். இதைச் சொன்னதும் "பார்த்தீர்களா" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். வயலின் வாங்கிக் கொடுத்த அப்பாவிடம் போய் "உங்கள் பையன் மரம் இழைக்கவில்லையே" என்று யாரும் கேட்பதில்லை. ரப்பரை முறுக்குவதும் வீசுவதும் போட்டியாளரின் கையால்தான் நடக்கவேண்டும். 30 கிராம் ரப்பரை சிலிகோன் எண்ணெய் தடவி, பல மடங்கு இழுத்து நீட்டி, முறுக்கிக்கொண்டே மெல்ல முன்னால் வரவேண்டும். ஒரு சுற்று கூடினால் வெடிக்கும். முறுக்கும்போது ரப்பரைச் சுற்றி வைக்கும் காப்புக் குழாய்க்குள் வெடித்தால் விமானம் தப்பும், வெளியே வெடித்தால் விரல் பேசும். அவள் விரல்களில் ரத்தம் கட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

அதிர்ஷ்டம் என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு வலித்தது.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். காலை பத்து பத்தரைக்குக் கரிசல் காடு சூடேறியதும் பருந்து ஒன்று சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது ஏறுவது சூடான காற்றில். இவர்கள் அதைத் தெர்மல் என்கிறார்கள். அதிகாலைச் சலனமில்லாத காற்றில் நல்ல எஃப்1பி விமானம் நான்கு நிமிடத்துக்கு மேல் தானாகவே நிற்கும், 180 விநாடி பெரிய விஷயமில்லை. வெயில் ஏறியபின்தான் சிக்கல். ஏறுகிற காற்று இருந்தால் பக்கத்திலேயே இறங்குகிற காற்றும் இருக்கும். அதில் மாட்டினால் உலகத்திலேயே சிறந்த விமானமும் இரண்டு நிமிடத்தில் புல்லில் கிடக்கும்.

அந்த ஏறுகிற காற்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் உயரமான கம்பத்தில் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் நாடா கட்டிவைப்பார்கள். வெப்பமானியும் காற்றளவியும் வைத்து, திரையில் இரண்டு கோடுகள் ஓடுவதைப் பார்ப்பார்கள். வெப்பக் கோடு ஏறி, அதே நேரம் காற்று விழுந்தால் கிட்டத்தில் ஏதோ கூடுகிறது என்று அர்த்தம். நாடா தளர்ந்து தொங்கும், அப்புறம் மேல்நோக்கி ஆடும். அந்த இடைவெளி சில விநாடிதான். கையில் முறுக்கின ரப்பரோடு ஒரு பிள்ளை நின்றுகொண்டு அதற்காகக் காத்திருக்கிறது. ரொம்பக் காத்திருக்கவும் முடியாது, முறுக்கியபடியே நின்றால் ரப்பர் நிமிடத்துக்கு நிமிடம் வலு இழக்கும். சுற்றின் நேரமும் ஓடும்.

பிரிலெப்பில் முதல் மூன்று சுற்றும் அவளுக்கு முழுதாக வந்தன. நான் அவளுடைய உதவியாளர். கம்பத்தடியில் திரையைப் பார்த்துச் சொல்வது என் வேலை. நான்காவது சுற்றில் பதினொன்றரை இருக்கும், வெயில் கொளுத்துகிறது. வெப்பக் கோடு ஏற ஆரம்பித்தது. "ஏறுது" என்றேன். அவள் விமானத்தைத் தூக்கிப் பிடித்தபடி நாடாவைப் பார்த்துவிட்டு, "காற்று இன்னும் விழலப்பா" என்றாள். அது சரி. இரண்டாவது கோடு இறங்கவே இல்லை. நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது இரண்டு கம்பம் தள்ளி நின்ற பையன் வீசினான். விமானம் செங்குத்தாக ஏறியது. மேலே போய் விசிறி மடங்கியதும் ஒரு வட்டம், இரண்டு வட்டம், இன்னும் ஏறுகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அடுத்தடுத்து வீசினார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. "எல்லாரும் போயிட்டாங்கம்மா, போ, போ!" என்று கத்தினேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வீசினாள்.

அந்தப் பையனுக்கும் அவளுக்கும் நடுவே அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. தெர்மல் நின்ற இடத்தில் நிற்காது, காற்றோடு நகரும். அவன் அதன் அடியில் ஏறிப் போய்விட்டான், அவள் விமானம் அதன் வாலில் இறங்குகிற காற்றில் போய் நின்றது. நேரம் பார்ப்பவர்கள் இரண்டு பேர் பைனாகுலரை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. 112 விநாடி.

மூன்று பிள்ளைகளின் கூட்டுத்தொகைதான் அணியின் கணக்கு. ஆகவே அந்த 68 விநாடி அவளுக்கு மட்டும் போகவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒருவன் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான்.

"நீ கத்தினாய், அவள் ஏன் கேட்டாள்? அதுவும் அவளுடைய பலவீனம்தானே" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். பதினைந்து வயதுப் பெண், பிறந்ததிலிருந்து அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள், முறுக்கின ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதில் அவள் குற்றம் எதுவும் இல்லை.

இடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஆறவில்லை. எங்கள் பகுதியில் இருக்கும் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் மலர் போடுகிறது. ஸ்பெல்லிங் பீ-யில் மாநில அளவில் வந்த பிள்ளைக்கு அரைப் பக்கம், அரங்கேற்றத்துக்கு ஒரு பக்கம் வண்ணப்படத்தோடு. போடட்டும், அந்தப் பிள்ளைகளும் உழைத்தவர்கள்தான். உலகப் போட்டிக்கு நாட்டின் சட்டை போட்டுக்கொண்டு போய்வந்த பெண்ணின் படத்தை நான் அனுப்பினேன். "மெடல் வந்ததா?" என்று ஒரு வரி பதில் வந்தது. இல்லை என்றேன். அதோடு சரி. பிறகு ஒரு விருந்தில் அதே குழுவில் இருப்பவர் என் மகளை வைத்துக்கொண்டே, "ரிமோட்கூட இல்லாத பொம்மையாமே" என்றார். 1871-இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் முறுக்கிய ரப்பரில் ஒரு சின்ன விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டார். அவருடைய வடிவத்தில் வந்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையைத்தான் ரைட் சகோதரர்களின் அப்பா 1878-இல் வீட்டுக்கு வாங்கிவந்தார். இதை அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவள் கார் வரைக்கும் பேசவில்லை.

சரி, பிரிலெப்புக்கு வருகிறேன். நான்காவது சுற்று முடிந்ததும் அவள் அணி மேலாளரிடம் போய் ஏதோ பேசினாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, நீங்க மாடல் எடுக்கப் போங்க. இங்க நான் பார்த்துக்கிறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வாக்கி டாக்கியையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு காற்று போகிற பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து போய் நின்றேன். பிரிலெப் புகையிலைக்குப் பேர்போன ஊர். வரிசை வரிசையாகப் புகையிலை. அங்கிருந்து பார்த்தால் கம்பமும் தெரியாது, ஆளும் தெரியாது. என் பெண் எப்போது முறுக்குகிறாள், எவ்வளவு காத்திருக்கிறாள், எதுவும் தெரியாது. வானத்தில் ஒரு கோடு செங்குத்தாக எழும்பும்போதுதான் யாரோ வீசினார்கள் என்று தெரியும்.

ஐந்தாவது முழுதாக வந்தது. ஆறாவது சுற்றில் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. சுற்று முடியப்போகிறது என்று ரேடியோவில் கேட்கிறது, அவள் இன்னும் வீசவில்லை. எனக்கு அந்த ஒரு கிலோமீட்டரை ஓடிக் கடந்து அவள் பக்கத்தில் போய் நிற்கவேண்டும் போல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, ரப்பர் வலு இழந்துவிட்டதென்று இரண்டு முறை கழற்றிப் புதிது மாட்டி முறுக்கியிருக்கிறாள். கடைசி நிமிடங்களில் வீசினாள். 164. பதினாறு விநாடி போனது. ஆனால் சாயங்காலம் அதைப் பற்றி அவள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். எந்த மேகத்தின் ஓரம் நிழல் விழுந்தது, நாடா எப்படி ஆடியது, இன்னும் இருபது விநாடி பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பதினாறு விநாடியைப் பிரித்துப் பிரித்து அணிப் பிள்ளைகளிடம் சொன்னாள். 112-ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சுற்றில் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, முடிவெடுத்தது நான்.

ஏழாவது பறப்பு என் தலைக்கு மேலேயே போனது. 180 தாண்டியபின் வால் தூக்கி இறங்க ஆரம்பித்தது. பார்வையை எடுக்காமல் ஓடினேன். புகையிலைக் கொல்லைக்குள் ஒரு பெரியவர் இலை பறித்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே விமானத்தைக் கண்டுபிடித்து, செடி ஒடியாமல், இறக்கையைப் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு வந்தார். கையில் புகையிலைப் பிசின் ஒட்டியிருந்ததால் மணிக்கட்டில் தாங்கியிருந்தார். எனக்கு அவர் மொழி தெரியாது. "லுபெனிட்சா" என்று சொல்லித் தர்ப்பூசணி வெட்டிக் கொடுத்தார். யாருடையது என்று சைகையில் கேட்டார். என் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டு சிரித்தார்.

மொத்தம் 1176. பதக்கத்துக்கு அருகில்கூட இல்லை. அந்தப் பக்கமாக வீசிய மற்ற பிள்ளைகளில் ஏழும் முழுதாக எடுத்தவர்கள் இருந்தார்கள். மங்கோலியாவிலிருந்து உக்ரைன் வரைக்கும் பிள்ளைகள் இதில் எப்படி ஊறியிருக்கிறார்கள் என்று பார்த்தால் அதிர்ஷ்டம் என்ற சொல்லை நீங்களும் எடுக்கமாட்டீர்கள். ஒரு சுற்றில் அதிர்ஷ்டம் அடிக்கலாம், ஏழு சுற்றிலும் அடிக்காது.

அதனால் உங்கள் மகனை அனுப்புங்கள். அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: கலிஃபோர்னியாவில் லாஸ்ட் ஹில்ஸ் மைதானத்தில் பிப்ரவரியில் போட்டிகள் நடக்கும். 2019-இல் பெரியவர்களின் உலகப் போட்டி நடந்த இடம் அது. உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் வருவார்கள், பிள்ளைகள் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பார்கள். விலை உயர்ந்த விமானம் முதல் வருடம் வேண்டாம். பைனாகுலர் நல்லதாக வாங்குங்கள். நீங்கள் கம்பத்தடியில் நிற்க வேண்டாம். காற்று போகிற பக்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நிழலே கிடையாது.