பயிற்சிக்கு வந்தவர்களும் இழுத்து வரப்பட்டவர்களும்: சூப்பர் ஹீரோ சட்டம் பற்றிய கேள்வி பதில்

மார்வெல் நிறுவனம் 2006-ல் வெளியிடத் தொடங்கிய ‘சிவில் வார்’ தொடரில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவருகிறது. அதீத சக்தி உள்ளவர்கள் உண்மைப் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற வேண்டும், அரசு சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பற்றியும் அதை ஒட்டிய கதைகளைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: பதிவு வேறு, பயிற்சி வேறு, பணி வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துக் கேட்டால் பதிலும் குழம்பித்தான் வரும்.

கல்லூரி மாணவர், திருச்சி: அண்ணா, நான் 2016-ல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படம் மட்டுமே பார்த்தேன். கேப்டன் அமெரிக்கா பக்கம் நியாயமா, அயர்ன் மேன் பக்கம் நியாயமா?

தம்பி, படத்தை வைத்துக் காமிக்ஸை எடை போடாதீர்கள். படத்தில் வருவது 117 நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம்; அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ குழு யாருக்குக் கட்டுப்பட்டது என்பதே அங்கே கேள்வி. காமிக்ஸில் வருவது அமெரிக்காவின் உள்நாட்டுச் சட்டம். முகமூடிக்குப் பின்னால் பெயரை மறைத்து வாழும் ஒவ்வொருவரையும் அது தொடுகிறது.

கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் கதை தொடங்குகிறது. நியூ வாரியர்ஸ் என்ற இளைஞர் குழு, தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கேமராவோடு போய், தங்கள் பலத்துக்கு மீறிய வில்லன்களை வளைக்கிறது. அந்த வில்லன்களில் நைட்ரோ என்பவன் பள்ளிக்கூடத்தின் அருகே வெடிக்கிறான். அறுநூறு பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள், குழந்தைகள் உட்பட. பயிற்சி வேண்டும் என்று மக்கள் கேட்டதில் தவறே இல்லை. அந்த அளவில், சட்டத்தை ஆதரித்த டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்) சொன்னது சரி. பயிற்சியோடு சட்டம் நிற்கவில்லை என்பதால் நான் அதை எதிர்த்த ஸ்டீவ் ரோஜர்ஸ் (கேப்டன் அமெரிக்கா) பக்கம்.

வங்கி ஊழியர், சேலம்: சட்டம் என்னதான் சொன்னது? ஓர் இதழில் பெயரைக் கொடுத்தால் போதும் என்று இருக்கிறது. இன்னொன்றில் வேலைக்கு வரவேண்டும் என்கிறார்கள்.

நல்ல கேள்வி. உங்கள் வாசிப்பில் பிழை இல்லை. அந்த ஆண்டில் பல தொடர்களைப் பல எழுத்தாளர்கள் எழுதினார்கள், ஆளுக்கு ஒரு சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு. ஒருவருக்கு அது வாகன ஓட்டுநர் உரிமம் போல. இன்னொருவருக்கு இராணுவ ஆள்சேர்ப்பு போல. வாசகர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சண்டையிடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

குழப்பம் தீர ‘நியூ அவெஞ்சர்ஸ்’ 22-ஆம் இதழைப் படியுங்கள். டோனி ஸ்டார்க்கும், அவர் பக்கம் நிற்கும் கரோல் டான்வர்ஸும் லூக் கேஜ் என்ற ஹீரோவின் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறார்கள். பதிவு செய்ய மாட்டேன், எங்கும் போய்ச் சண்டையும் போட மாட்டேன், என் வீட்டில் இருக்கப் போகிறேன் என்கிறார் கேஜ். மனைவியையும் கைக்குழந்தையையும் கனடாவுக்கு அனுப்பிவைத்துவிட்டு வீட்டிலேயே இருக்கிறார். நள்ளிரவில் சட்டம் அமலுக்கு வந்ததும் ஆயுதம் தாங்கிய படை வந்து இறங்குகிறது. யாரையும் அடிக்காத, எந்த முகமூடியும் போடாத ஒருவர், தோலில் குண்டு துளைக்காது என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்த வீட்டில் குற்றவாளி ஆகிறார். உரிமம் கேட்கும் சட்டம் இப்படி நடக்காது. வண்டியை வெளியே எடுக்காதவன் வீட்டுக்கதவை யாராவது உரிமம் கேட்டு உடைப்பார்களா?

பெயர் வேண்டாம் என்றவர்: எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

முதலில் ஏழு இதழ்கள் கொண்ட மூலத் தொடர். மற்றவை பிறகு.

தனியார் நிறுவன ஊழியர், கோவை: கேப்டனா, அயர்ன் மேனா?

மேலே முதல் பதிலைப் பார்க்கவும்.

அரசு மருத்துவர், மதுரை: உங்களோடு உடன்பட முடியவில்லை. நான் முதுநிலைப் படிப்பில் சேரும்போது, முடித்தபின் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கிடைத்த திறமைக்குச் சமூகத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். கட்டிடத்தைத் தூக்கக்கூடியவனுக்கு அந்தக் கடன் இல்லையா?

டாக்டர், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் விண்ணப்பம் போட்டீர்கள், இடம் கிடைத்தது, பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திட்டீர்கள். வேண்டாம் என்றால் வேறு வழி தேடியிருக்கலாம். கிளவுட் நைன் எதற்கு விண்ணப்பித்தாள்?

2007-ல் டான் ஸ்லாட் எழுத்திலும் ஸ்டெஃபானோ கசெல்லியின் ஓவியத்திலும் தொடங்கிய ‘அவெஞ்சர்ஸ்: தி இனிஷியேட்டிவ்’ முதல் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். கிளவுட் நைன் என்று அழைக்கப்படும் அபிகெயில் பாய்லன் என்ற பெண்ணுக்குச் சிறு மேகம் ஒன்றை உருவாக்கி அதன்மேல் ஏறிப் பறக்கத் தெரியும். அவளுக்கு யாரையும் காப்பாற்றும் ஆசையும் இல்லை, தண்டிக்கும் ஆசையும் இல்லை, பறக்கவே பிடிக்கும். வானத்தில் வார் மெஷின் என்ற அரசுத் தரப்புக் கவச வீரர் வந்து மறிக்கிறார். அடுத்து அவள் இருப்பது ஸ்டாம்ஃபோர்டில், அந்த வெடிப்பு நடந்த ஊரிலேயே கட்டிய கேம்ப் ஹேமண்ட் பயிற்சி முகாமில். காண்ட்லெட் என்ற இராணுவ சார்ஜென்ட் வரிசையில் நிற்கவைத்துக் கத்துகிறார். தேறியவர்கள் ஐம்பது மாநிலங்களுக்கும் குழு குழுவாக அனுப்பப்படுவார்கள்.

முதல் நாளே என்ன நடக்கிறது பாருங்கள். ட்ராமா என்ற பையனின் சக்தி, எதிரில் நிற்பவர் எதைக் கண்டு நடுங்குவாரோ அதுவாக மாறுவது. ஆர்மரி என்ற பெண்ணுக்குச் சிலந்தி என்றால் பயம். கையில் இருப்பதோ வேற்றுலக ஆயுதம். அவன் இராட்சதச் சிலந்தியாக மாறியதும் அவள் அலறிக்கொண்டு கண்டபடி சுடுகிறாள். ஒரு கதிர் கிளவுட் நைனை நோக்கி வருகிறது. எம்விபி என்ற இளைஞன் அவளைக் காப்பாற்றிவிட்டு, தான் அதில் சிக்கிச் சாகிறான். அந்தச் சாவை முகாம் மறைக்கிறது. பேரன் வான் பிளிட்ஸ்ஷ்லாக் என்ற விஞ்ஞானி அவன் உடலிலிருந்து குளோன்களை உருவாக்குகிறான்.

ஸ்டாம்ஃபோர்டில் பயிற்சி இல்லாததால் மக்கள் செத்தார்கள் என்றுதானே முகாம் கட்டினார்கள்? அங்கே பயிற்சி என்ற பெயரிலேயே ஒரு பிள்ளை செத்தான். அதற்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை. காரணம், அந்த முகாமுக்குப் பிள்ளைகளின் விருப்பம் தேவைப்படவில்லை. பெற்றோர் நம்பிக் கொண்டுவந்து விடும் பள்ளி ஒரு சாவை இப்படி மூடிவைத்தால், அடுத்த ஆண்டு அதில் சேர யாரும் இருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற இராணுவ வீரர், வேலூர்: நாட்டுக்கு ஆபத்து வந்தால் குடிமகனை அழைக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அமெரிக்காவிலேயே கட்டாய இராணுவ சேவை இருந்ததே?

இருந்தது, ஐயா. அடிமைத்தனத்தையும் கட்டாய ஊழியத்தையும் ஒழித்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1865-ல் வந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு அதை மீறுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 1918-ல் உச்ச நீதிமன்றம் மீறவில்லை என்றது. ஆகவே உங்கள் வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் அந்த ஆள்சேர்ப்பு எப்படி நடந்தது? குறிப்பிட்ட வயது ஆண்கள் எல்லாருக்கும் பொதுவாக, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின்படி. மனசாட்சி இடம்தராது என்பவர்களுக்கு மாற்றுப்பணி உண்டு. சேவைக்கு முடிவுக் காலமும் உண்டு. 1973-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். 1980-ல் திரும்ப வந்தது பதிவு மட்டுமே. பெயரைக் கொடுத்த இளைஞன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நான் ஆரம்பத்தில் சொன்ன வேறுபாடு இதுதான். கதையில் வரும் சட்டத்தில் மாற்றுப்பணியும் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை. மறுத்தவர்களை நெகட்டிவ் ஸோன் என்ற வேறு பரிமாணத்தில் கட்டிய சிறையில் அடைத்தார்கள். நீங்கள் சேவை செய்த இராணுவம் அப்படிப்பட்டது அல்ல, ஐயா.

மதுரை மருத்துவர், மீண்டும்: கையெழுத்து பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பயிற்சியே இல்லாமல் மேகத்தில் பறக்கும் பெண் ஒரு விமானத்தின் குறுக்கே போனால்? மயக்கவியல் தெரியாதவர் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவன் நான்.

இதை மறுக்க மாட்டேன். பறக்கிறவளுக்கு வான்வழி விதிகளைக் கட்டாயமாகக் கற்றுக்கொடுக்கலாம். தேறாவிட்டால் பறக்கத் தடையும் போடலாம். கற்றபின் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். மருத்துவம் படித்தவர் நாளையே தொழிலை விட்டுவிட்டுத் தோட்டம் போடலாம், யாரும் கைது செய்ய மாட்டார்கள். அந்தக் கதவு திறந்திருக்கும்வரை உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

வாசகி, ஈரோடு: நம் இரும்புக்கை மாயாவியும் அரசாங்க ஆள்தானே?

ஆமாம்! 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே நம் வீட்டுக்கு வந்தவர். பிரிட்டிஷ் இதழில் வந்த மூலக் கதையில் அவர் பெயர் லூயிஸ் கிராண்டெல். பின்னர் நிழல் படை என்ற உளவுப் பிரிவுக்கு வேலை செய்தார். அரசு வேலையே இழிவு என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இவரே சாட்சி.

மாணவர், நாகர்கோவில்: ஜப்பானிய மாங்காவில் ஹீரோ உரிமம் பற்றி?

அது என் துறை அல்ல. மாங்கா படிப்பவர்களைக் கேளுங்கள்.

மூன்று பேர், தனித்தனியாக: கேப்டனா, அயர்ன் மேனா?

பதில் எழுதியாகிவிட்டது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. படத்தை வைத்துக் கேட்டவர்களுக்கும் இல்லை.

நூலகர், தஞ்சாவூர்: அரசின் ஆபத்தான பணிகளுக்கு வில்லன் கைதிகளை அனுப்பும் ‘சூசைடு ஸ்குவாட்’ காமிக்ஸில், அந்தக் கைதிகள் தாங்களாகச் சம்மதித்துத்தானே வருகிறார்கள்? அது தன்னார்வம் ஆகாதா?

தண்டனைக் குறைப்பு ஒரு கையில், வெடிக்கும் காப்பு இன்னொரு கையில். அதற்குப் பெயர் சம்மதம் அல்ல.

ஆசிரியை, திருநெல்வேலி: விருப்பத்தின்பேரில் பயிற்சி தரும் கதை ஒன்றையாவது சொல்லுங்கள்.

2010-ல் கிறிஸ்டோஸ் கேஜ் எழுதத் தொடங்கிய ‘அவெஞ்சர்ஸ் அகாடமி’. பதிவுச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு நடக்கும் கதை. ஹேங்க் பிம் என்ற மூத்த அவெஞ்சர் நடத்தும் பள்ளியில் ஆறு பேர் சேர்கிறார்கள். தங்களைத் திறமைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நம்புகிறார்கள். உண்மையில், வில்லன்களாக மாறிவிடுவார்களோ என்ற அச்சத்தால்தான் சேர்த்திருக்கிறார்கள். உண்மை தெரிந்ததும் அவர்கள் படும் வேதனையை நீங்கள் உங்கள் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ஒளிவுமறைவு உண்டு, ஆனால் வாசலில் பூட்டு இல்லை. உண்மை தெரிந்த பிறகும் அங்கே தங்கிப் படிப்பதை அந்தப் பிள்ளைகள் தாங்களே முடிவு செய்கிறார்கள். ஆசிரியர்களில் ஒருவர் ஸ்பீட்பால்: ஸ்டாம்ஃபோர்டில் கேமராவோடு போன அதே குழுவில் உயிர் தப்பியவர்.

முடிந்தால் 1987-ல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா’ 332-ஆம் இதழையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். மார்க் குரூயன்வால்ட் எழுதியது. இனி அரசின் கட்டளைப்படி நடக்க வேண்டும் என்று ஓர் ஆணையம் சொல்கிறது. ஸ்டீவ் சண்டை போடவில்லை, தலைமறைவாகவும் இல்லை. சீருடையையும் கேடயத்தையும் ஒப்படைத்துவிட்டு வெளியேறுகிறார்.

பள்ளி மாணவி, சென்னை: அந்த மேகப் பெண் பிறகு என்ன ஆனாள்?

முகாமில் தேறினாள், மா. மான்டானா மாநிலக் குழுவுக்கு அனுப்பினார்கள். அவளுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மேகத்தின்மேல் இருந்தபடி, கீழே யாருக்கும் தெரியாத உயரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவதுதான் அவளுக்குத் தந்த வேலை.