தனுஷ்கோடி அழிந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் தனுஷ்கோடி போயிருந்தோம். ஆட்டோக்காரர் "புயல்ல அழிஞ்ச ஊரு சார்" என்றார். ஆனால் தேவாலயச் சுவர் நிற்கிறது, மீனவர் குடிசைகள் இருக்கின்றன, சங்கு விற்கிறார்கள். இருப்பதை எப்படி 'அழிந்தது' என்பது? 'சேதமடைந்தது' அல்லது 'பாழடைந்தது' என்பதுதானே சரி?

மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆட்டோக்காரர் சொன்னதே சரி. ஒன்றுமே மிஞ்சாமல் போனால்தான் அழிவு என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். தமிழில் அந்தச் சொல் அவ்வளவு கறார் இல்லை. கோலம் அழிந்துவிட்டது என்கிறோம்; மாவு வாசலில்தான் கிடக்கிறது.

தனுஷ்கோடி ஒரு துறைமுக ஊர். போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் அங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்கம் எல்லாம் அந்தப் போக்குவரத்தை நம்பி இருந்தவை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், நூறு பேருக்கு மேல் ஏற்றி வந்த பாம்பன் பாசஞ்சரையே கடல் கொண்டுபோயிற்று. பிறகு, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. துறைமுக ஊர் அதோடு போயிற்று. நீங்கள் பார்த்த மீனவர்கள் இருப்பது அதே மணலில். அந்த ஊரில் அல்ல.

அதே புயலில் பாம்பன் பாலத்துக்கு நேர்ந்ததுதான் சேதம். ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்து திரும்பவும் ரயில் விட்டார்கள். சேதத்துக்கு ரிப்பேர் உண்டு, மதிப்பீடு உண்டு, நிவாரணம் உண்டு. வருவாய்த்துறைக்கு அந்தச் சொல் ஏன் பிடிக்கிறது என்று புரிகிறதல்லவா? அப்படியானால் 'உயிர்ச்சேதம்' எப்படி என்று கேட்பீர்கள். சேதம் வடசொல், முதல் பொருள் வெட்டு. 'சிரச்சேதம்' அந்த வழியில் வந்தது. இருந்தாலும் பொருட்சேதத்துக்குப் பக்கத்தில் உயிரையும் ஒரு வரியாக எழுதுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

பாழ் வேறு. ஆள் புழங்காததால் வருவது. ஒரு வீடு பாழடைய அதை யாரும் இடிக்க வேண்டியதில்லை, பூட்டி வைத்தாலே போதும். அந்தத் தேவாலயத்தை மட்டும் தனியாகக் காட்டிப் பாழடைந்தது என்றால் மறுக்கமாட்டேன். 'நாசம்' செய்தித்தாள் தலைப்புக்கும் தெருச்சண்டைக்கும் பொதுச்சொத்து, அதை விட்டுவிடுவோம்.

அப்புறம், அழிவு என்றாலே துக்கம் என்றும் இல்லை. 'அழிவதூஉம் ஆவதூஉம்' என்று தொடங்கும் குறளில் (461) அழிவது என்பது செலவு. எவ்வளவு கைவிட்டுப் போகும், எவ்வளவு திரும்பி வரும், கடைசியில் லாபம் என்ன என்று பார்த்து இறங்கச் சொல்கிறார் வள்ளுவர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் செலவழித்தேன் என்று நீங்கள் சொன்னால் அதிலும் இருப்பது இந்த 'அழி'தான்.