உடைத்துப் பார்த்தால்தான் செஃப் புரியும்: ப்ராக்ஸ்மாக்ஸ் கேள்வி–பதில்

கே: எங்கள் நிறுவனத்தில் விஎம்வேரை விட்டு ப்ராக்ஸ்மாக்ஸ், செஃப் பக்கம் போகச் சொல்கிறார்கள். ஆன்லைன் பயிற்சி எடுக்க நினைக்கிறேன். எதைப் பார்த்துச் சேருவது?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: ஒரு சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருள் விஎம்வேர். அதே வேலையைச் செய்யும் திறமூல மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ். பல சர்வர்களின் டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாக்குவது செஃப். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை காசு கட்டி வாங்கும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை.

பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எனக்கென்று தனியாக மூன்று நோடு கிளஸ்டர் (ஒன்றாக இணைந்த மூன்று சர்வர்) தருவீர்களா? அதில் ஒரு நோடை நான் பட்டென்று அணைக்கலாமா?" தயங்கினால் வேறு இடம் பாருங்கள். ஆசிரியர் திரையில் ஓட்டிக்காட்டுவதை வேடிக்கை பார்க்கக் கட்டணம் எதற்கு? இன்ஸ்டால் செய்வது பத்து, பதினைந்து நிமிட வேலை. அதற்கு அரை நாள் ஒதுக்கும் பாடத்திட்டம் சந்தேகத்துக்கு உரியது. குவோரம் (பெரும்பான்மை நோடுகள் தொடர்பில் இருப்பது), ஃபென்சிங் (தொடர்பு இழந்த நோடை வலுக்கட்டாயமாக ஒதுக்குவது), செத்த ஓஎஸ்டி டிஸ்கை (செஃப் டேட்டா வைக்கும் டிஸ்க்) மாற்றுவது, ஒரு நோடை முழுதாகக் கழற்றிப் புதிதாகச் சேர்ப்பது, பேக்கப்பிலிருந்து மீட்பது ஆகிய ஐந்தும் பயிற்சியில் கையால் செய்ய வைக்கிறார்களா என்று பாருங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸின் எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். 9-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில், டெபியன் 13 லினக்ஸின் மேல் வந்தது. 7-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024-இலேயே முடிந்துவிட்டது. அதை வைத்துப் பதிவு செய்த வீடியோக்களை இன்னும் விற்கிறார்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவனம் இருப்பது வியன்னாவில். அந்த ஊர் நேரப்படி காலை 9 மணிக்குத் தொடங்கும் நேரடி வகுப்பு நமக்குக் கோடையில் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. மாலை வரை நீளும், அலுவலகத்தில் சொல்லிவைத்துவிடுங்கள். லினக்ஸில் பிரிட்ஜ் (நெட்வொர்க்கை இணைப்பது), விலேன் (நெட்வொர்க்கைப் பிரிப்பது), டிஸ்க் பார்ட்டிஷன் மூன்றும் பழகாமல் போனால் முதல் நாளே பின்தங்கிவிடுவீர்கள்.

கே: பயிற்சிக்கு முன் வீட்டிலேயே ஒரு லேப் போட்டுப் பார்க்க எவ்வளவு மெஷின் வேண்டும்?
– வாசகர், மதுரை

ப: 32 ஜிபி ரேம், ஆறு கோர், 500 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரே பிசி போதும். ஹார்ட் டிஸ்கில் முயலவே வேண்டாம். ஆறு ஓஎஸ்டியும் ஒரே முள்ளுக்கு அடித்துக்கொள்ளும்.

முதலில் பிசியில் ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்கள். அதற்குள் மூன்று விஎம். ஒவ்வொன்றுக்கும் 8 ஜிபி ரேம், 4 கோர், ஓஎஸ்ஸுக்கு 32 ஜிபி டிஸ்க், செஃபுக்கு 40 ஜிபி டிஸ்க் இரண்டு. விஎம்மின் ப்ராசசர் வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றுங்கள். இதை மறந்தால் உள்ளே உருவாக்கும் விஎம் கிளம்பாது, கேவிஎம் (லினக்ஸில் விஎம்மை ஓட்டும் பகுதி) கிடைக்கவில்லை என்று பிழை காட்டும். நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றிலும் மூன்று: நிர்வாகத்துக்கு ஒன்று, கோரோசிங்குக்கு (நோடுகள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் சேவை) ஒன்று, செஃபுக்கு ஒன்று. லேப்தானே என்று ஒன்றில் முடிக்காதீர்கள். பிரித்துப் பழகுவதுதான் பாடமே.

ஓஎஸ்டி ஒன்று இயல்பாக 4 ஜிபி ரேமைக் குறிவைத்து வளரும். இரண்டு ஓஎஸ்டி, 8 ஜிபி விஎம் என்றால் மூச்சு முட்டும். ஓஎஸ்டி மெமரி டார்கெட்டை 2 ஜிபியாகக் குறையுங்கள். லேபுக்கு மட்டும்தான் இந்தக் கஞ்சத்தனம்.

ஐபி, ஹோஸ்ட் பெயர் இரண்டையும் தாளில் எழுதி முடிவு செய்த பிறகே கிளஸ்டர் உருவாக்குங்கள். பிறகு மாற்றுவது தலைவலி. சேர வரும் நோடில் ஏற்கெனவே விஎம் இருந்தால் கிளஸ்டர் சேர்க்காது. இரண்டு பக்கமும் 100 என்ற எண்ணில் விஎம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும். மூன்று நோடிலும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். 0.05 நொடி விலகினாலே செஃப் மானிட்டர் எச்சரிக்கும்.

இனி உடையுங்கள். ஒரு விஎம்முக்கு ஹெச்ஏ (நோடு செத்தால் விஎம்மை வேறு நோடில் எழுப்பும் வசதி) போட்டு, அது ஓடும் நோடை 'ஸ்டாப்' செய்யுங்கள், 'ஷட்டவுன்' அல்ல. இரண்டு நிமிடம் போல ஆகும், அடுத்த நோடில் அது எழுந்துவிடும். செஃப் மஞ்சளாகும், 'அண்டர்சைஸ்டு, டிகிரேடட்' என்று காட்டும். ஆனால் டேட்டா நகராது: செஃப் வைக்கும் மூன்று பிரதிகளும் மூன்று வெவ்வேறு நோடில் இருக்க வேண்டும் என்பது விதி, நான்காவது நோடு இல்லை. இரண்டாவது நோடையும் நிறுத்துங்கள். குவோரமும் போகும், டிஸ்க் எழுத்தும் நிற்கும். அதுதான் சரியான நடத்தை. நின்ற கிளஸ்டரை ஓடவைக்க குறைந்தபட்சப் பிரதியை 1 ஆக்கும் குறுக்குவழியை எவர் சொன்னாலும் உண்மையான சர்வரில் செய்யாதீர்கள். அந்த ஒற்றைப் பிரதியும் போனால் திரும்பாது.

கே: மூன்று நோடு கிளஸ்டரில் ஒரு டிஸ்க் மாற்றினோம். ரெக்கவரி ஓடிக்கொண்டிருந்தபோது மூன்று நோடும் ஒன்றன்பின் ஒன்றாக ரீபூட் ஆகிவிட்டன. கரண்ட் போகவில்லை. ஏன்?
– வாசகர், சென்னை

ப: கோரோசிங்கும் செஃபும் ஒரே கேபிளில் போகின்றன, சரிதானா?

கோரோசிங்குக்கு அகலமான பாதை தேவையில்லை, தாமதமில்லாத பாதைதான் தேவை. நோடுகளுக்கிடையே 5 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும். ரெக்கவரியின்போது, அதாவது பிரதிகளை மீண்டும் உருவாக்கும்போது, செஃப் கேபிளை நிரப்பிவிடும். கோரோசிங்கின் சின்னஞ்சிறு பாக்கெட் வரிசையில் காத்துக் கிடக்கும். நோடுக்கு மற்றவர்கள் செத்துவிட்டதாகத் தோன்றும், குவோரம் போகும். ஹெச்ஏ விஎம் ஓடும் நோடு என்றால் வாட்ச்டாக் (புதுப்பிக்காவிட்டால் நோடை ரீபூட் செய்யும் டைமர்) புதுப்பிக்கப்படாது. 60 நொடியில் நோடு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். அதே விஎம் இரண்டு இடத்தில் எழுந்து ஒரே டிஸ்கில் எழுதிவிடக் கூடாதே! ரீபூட் ஆன நோடு திரும்பி வந்ததும் இன்னும் கொஞ்சம் ரெக்கவரி, அடுத்த நோடு விழும்.

லாகில் ரீபூட்டுக்குச் சற்று முன் கோரோசிங்கின் 'டோக்கன் ஹாஸ் நாட் பீன் ரிசீவ்டு' வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இதுதான். தீர்வுக்குச் செலவு குறைவு: கோரோசிங்குக்குத் தனியாக ஒரு 1 ஜிபிபிஎஸ் ஸ்விட்ச், மூன்று கேபிள். நிர்வாக நெட்வொர்க்கை இரண்டாவது லிங்காகச் சேர்த்துவிடுங்கள். கோரோசிங்கின் கான்ஃபிக் ஃபைலை நேரடியாகத் திருத்தாமல் பிரதி எடுத்துத் திருத்தி, பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, பிறகு இடம் மாற்றுங்கள். அந்த வேலை முடியும்வரை ஹெச்ஏவை நிறுத்திவையுங்கள். செஃபுக்கு 10 ஜிபிபிஎஸ்ஸுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

கே: நோடுக்கு இரண்டு 1.92 டிபி எஸ்எஸ்டி, மூன்று நோடு. 3.84 டிபி பயன்படுத்தலாம் என்று கணக்கிட்டது சரியா?
– வாசகர், திருச்சி

ப: தாளில் சரி, மூன்று பிரதி என்பதால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு டிஸ்க் செத்துப் பத்து நிமிடத்தில் செஃப் அதை 'அவுட்' என்று ஒதுக்கும். அதில் இருந்த டேட்டா அதே நோடில் மிஞ்சிய ஒற்றை டிஸ்கில்தான் ஏற வேண்டும். 85 சதவீதத்தில் எச்சரிக்கை, 95-இல் எழுத்தே நின்றுவிடும். ஆக, நிம்மதியாக நிரப்பக்கூடியது 1.92-இல் 85 சதவீதம்: சுமார் 1.6 டிபி. அதே கொள்ளளவை நோடுக்கு நான்கு 960 ஜிபி டிஸ்காக வாங்கினால் ஒன்று செத்தாலும் மூன்று மிஞ்சும், 2.4 டிபி வரை போகலாம்.

வாங்கும் எஸ்எஸ்டி மின்தடைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரகமாக இருக்கட்டும். செஃப் ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்கில் உறுதியான பிறகே முடிந்தது என்று சொல்லும். லேப்டாப் ரக எஸ்எஸ்டி அங்கே தவழும், பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பாதீர்கள்.

கே: ரெய்டு கார்டு ஏற்கெனவே இருக்கிறதே, அதன் மேல் செஃப் போடலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: வேண்டாம். ரெய்டு கார்டு பல டிஸ்கை ஒன்றாகக் காட்டும். டிஸ்க் ஒவ்வொன்றும் செஃபுக்கு நேராகத் தெரிய வேண்டும். கார்டை ஹெச்பிஏ மோடுக்கு (டிஸ்குகளை அப்படியே காட்டும் முறை) மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் கழற்றிவிட்டு ஒரு ஹெச்பிஏ வாங்குங்கள். பழைய ரெய்டில் இருந்த டிஸ்க் ஓஎஸ்டி பட்டியலில் வராவிட்டால் டிஸ்க்ஸ் பக்கத்தில் 'வைப் டிஸ்க்' கொடுங்கள். டிஸ்க் பெயரை இரண்டு தடவை பார்த்துவிட்டு.

கே: அப்டேட் கொடுத்தால் 401 என்று பிழை வருகிறது.
– வாசகர், சேலம்

ப: சந்தா இல்லாமல் என்டர்பிரைஸ் ரிப்பாசிட்டரியை (சந்தாதாரருக்கான அப்டேட் கிடங்கு) தட்டுகிறது. ரிப்பாசிட்டரீஸ் பக்கத்தில் அதை அணைத்து 'நோ-சப்ஸ்கிரிப்ஷன்' கிடங்கைச் சேர்த்துவிடுங்கள். செஃபுக்குத் தனி வரி இருக்கும், அதையும்.

கே: விஎம்வேரிலிருந்து கொண்டுவந்த விண்டோஸ் சர்வர் பூட்டாகும்போதே நீலத்திரை.
– வாசகர், ஈரோடு

ப: டிஸ்கை விர்ட்ஐஓவாக (விஎம்முக்கென்றே உள்ள வேகமான இணைப்பு) மாட்டியிருப்பீர்கள், விண்டோஸிடம் அதற்கான டிரைவர் இல்லை. டிஸ்கை சாட்டாவாக மாற்றிப் பூட் செய்யுங்கள். கூடவே 1 ஜிபியில் ஒரு விர்ட்ஐஓ ஸ்கசி டிஸ்கையும், டிரைவர் ஐஎஸ்ஓவையும் மாட்டி டிரைவரை நிறுவுங்கள். சின்ன டிஸ்க் விண்டோஸில் தெரிந்தபின் அணைத்து, பெரிய டிஸ்கை ஸ்கசிக்கு மாற்றி, பூட் வரிசையில் அதை டிக் செய்யுங்கள். பலர் கடைசியில் உள்ள அந்த டிக்கை மறந்துவிட்டு, மறுபடியும் டிரைவரைத் திட்டுகிறார்கள்.