உயரம் தாண்டுதல்: இடுப்பு பட்டுக் கம்பி விழுகிறதே?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பள்ளி அணியில் உயரம் தாண்டுகிறான். ஆறு மாதமாக 1.65 மீட்டரைக் கடக்க முடியவில்லை. இடுப்பு பட்டுக் கம்பி விழுந்துவிடுகிறது. கால் பலம் போதவில்லை என்று தினமும் பளுவோடு உட்கார்ந்து எழுகிறான். இப்போது முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி. ஆளும் குள்ளம்தான். என்ன செய்யலாம், டாக்டர்? (வாசகி, ஈரோடு)

பதில்: குள்ளம் என்ற கவலையை விடுங்கள், அம்மா. சுவீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம் 1.81 மீட்டர் உயரம்தான். 2005-இல் அவர் தாண்டியது 2.40 மீட்டர்!

கால் பலம் வேண்டும்தான். ஆனால் எத்தனை கிலோ தூக்குகிறான் என்பது கணக்கில்லை. ஊன்றும் கால் தரையில் இருப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்கு விநாடி. அதற்குள் வெளிப்படும் பலம்தான் உதவும். அதனால் பளுவை வாரம் இரண்டு நாளாகக் குறைக்கட்டும். துள்ளல் பயிற்சி, வலி தணிந்த பிறகு.

இடுப்பு படுகிறது என்கிறீர்களே, கோளாறு அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மல்லாந்தபடி கம்பியைக் கடக்கும்போது இடுப்பு மேலே வளைய வேண்டும். தொடையின் முன்பக்கத் தசை இறுகியிருந்தால் வளையாது. வீட்டிலேயே பார்க்கலாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற காலின் தொடை மெத்தையில் படிய வேண்டும். தூக்கிக்கொண்டு நின்றால் இறுக்கம்தான். நாள் முழுக்க பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, இடுப்பை முன்னே தள்ளி 30 விநாடி, பக்கத்துக்கு மூன்று முறை, மாலையில் செய்யட்டும். தாண்டுவதற்குச் சற்று முன் வேண்டாம். நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் எழும்பும் வேகம் குறையும். அப்போது காலை வீசிச் சூடேற்றினால் போதும். அப்புறம், கம்பிக்கு மிக நெருங்கி எழும்பினாலும் இடுப்பு படும். அதைக் கோச்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வலி, சிப்பியைக் கீழெலும்போடு கட்டியிருக்கும் தசைநாரில் இருக்கலாம். வளரும் வயதில் அதற்குக் கீழே எலும்பு புடைத்தும் வலிக்கும். தாண்டுவதைச் சில வாரம் குறைத்து, சுவரில் சாய்ந்து நாற்காலியில் இருப்பதுபோல் 30 விநாடி, ஐந்து முறை, பொறுக்கும் அளவுக்குச் செய்யட்டும். வீங்கினாலோ, நொண்டினாலோ, இரவில் வலித்தாலோ எலும்பு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். போட்டி வருகிறதே என்று யாராவது அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தசைநார் அறுந்துபோகும் ஆபத்து உண்டு.