2147483647 பற்றிக் கேட்டவர்களுக்கு

போன கிழமை வகுப்பில் 2147483647 ஒரு முதன்மை எண் என்று சொல்லியிருந்தேன். அதன்பிறகு வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கொக்குவில் உயர்தர மாணவர்: சேர், கணினி இல்லாத காலத்தில் இதை எப்படி நிறுவினார்கள்?

1772இல் கணித அறிஞர் ஒயிலர் நிறுவினார், தம்பி. இந்த எண் 2இன் 31ஆம் வலுவைவிட ஒன்று குறைந்தது. வர்க்கமூலம் 46340ஐச் சற்றுத் தாண்டும். அதுவரையுள்ள முதன்மை எண்களால் எல்லாம் வகுத்துப் பார்ப்பதென்றால் ஆயிரக்கணக்கில் வேலை. அவர் காரணிக்கு என்ன வடிவம் இருக்கமுடியும் என்று யோசித்தார். ‘க’ என்ற முதன்மை எண் இதை வகுக்கிறது என்று வைப்போம். அப்போது 2இன் 31ஆம் வலுவை ‘க’வால் வகுத்தால் மீதி 1. 31 முதன்மை எண் என்பதால் அதற்கு முந்திய எந்த வலுவிலும் மீதி 1 வராது. ஃபேர்மாவின் தேற்றப்படி ‘க’வைவிட ஒன்று குறைந்த வலுவிலும் மீதி 1தான். ஆகவே அந்த ஒன்று குறைந்த எண்ணை 31 வகுத்தே தீரும். ‘க’ ஒற்றை எண், அதனால் 62உம் வகுக்கும். அதோடு 2இன் 32ஆம் வலு ஒரு வர்க்கம், அதை ‘க’வால் வகுத்தால் மீதி 2. அப்படி நடக்க, ‘க’வை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 1ஐயும் 63ஐயும் விட்டால் 46340 வரை மொத்தம் 372. அதிலும் 249, 497 போன்றவை 3, 7இன் மடங்குகள், அவையும் போய்விடும். எனக்கு இந்த நிறுவல் இன்றைக்கும் அலுக்கவில்லை.

சாவகச்சேரி மாணவி: அப்போ 2இன் வலுவிலிருந்து ஒன்றைக் குறைத்தால் முதன்மை எண் வர, வலு முதன்மை எண்ணாக இருந்தால் போதுமா?

போதாது பிள்ளை. 11ஐப் போட்டால் 2047 வரும், அது 23 × 89. 22ஐயும் 88ஐயும்விட ஒன்று கூடிய எண்கள். மேலே சொன்ன அதே விதிதான்.

பருத்தித்துறை, மென்பொருள் வேலை செய்பவர்: கணினியில் முழுவெண்ணின் எல்லையாக இதே எண் வருவது, முதன்மை எண் என்பதாலா?

இல்லை. 0, 1 மட்டும் கொண்டு எழுதும் துவிதத்தில் இது 31 ஒன்றுகள், அவ்வளவுதான் காரணம். 1970 தொடக்கத்திலிருந்து செக்கன்களை இப்படி எண்ணும் பழைய கணினிகளுக்கு, எங்கள் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44க்கு இடம் முடிந்துவிடும். முதன்மை எண் என்பது உதவுவது எழுமாற்று எண்களை உருவாக்கும்போது. 1இல் தொடங்கி 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியைத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போங்கள். 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் ஒவ்வொரு தடவை வந்த பிறகுதான் 1 திரும்பும். 16807க்குப் பதில் 2ஐப் போட்டால் 31 படியில் சுற்று முடிந்துவிடும்.

நல்லூர் வாசகர்: வங்கிப் பாதுகாப்புக்கு இது உதவுமா?

மிகவும் சிறியது. அங்கே நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்கள் வேண்டும்.

மானிப்பாய் ஆசிரியை: 5ஐ வலுவாகப் போட்டால் 31, 31ஐப் போட்டால் இந்த எண். இதையே வலுவாகப் போட்டால்?

அங்கேதான் சங்கிலி அறுகிறது, ரீச்சர். அந்த எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். 2024இல் கண்டுபிடித்த மிகப்பெரிய முதன்மை எண்ணுக்கே 4,10,24,320 இலக்கங்கள்தான். ஆனாலும் இதற்கு ஒரு காரணி தெரியும்: 295257526626031. அதில் ஒன்றைக் குறைத்து 2147483647ஆல் வகுத்தால் சரியாக 137490 வரும். ஒயிலரின் விதி அங்கேயும் நிற்கிறது.