பழைய வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்ற எந்தக் கருவி வாங்கலாம்?

கேப்சர் கருவியை, அதாவது கேசட் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் கருவியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆனால் காசை முதலில் கேசட்டை ஓட்டும் டெக்கில் போடுங்கள். உங்களிடம் இருப்பது அநேகமாக அம்மா அப்பா கல்யாண கேசட்டாக இருக்கும். டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்காக இருக்கும்போது ஓட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அந்த அழுக்கைத்தான் பதிவு செய்யும்.

குடியாத்தத்தில், டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்திலிருந்து ரிப்பேர் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருப் பெண் ஒருவர் பெற்றோரின் கல்யாண கேசட்டைக் கடையில் கொடுத்து பென்டிரைவில் வாங்கி வந்திருந்தார். படத்தின் மேல்பக்கம் கொக்கி மாதிரி வளைந்து ஆடியது. பேச்சு முந்தியது, வாய் பிந்தியது. "டேப் போயிடுச்சும்மா, இவ்ளோதான் வரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சுருளின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாகப் பூஞ்சை. அதோடு டெக்கில் சொருகினால் ஹெட்டில் அப்பி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். பூஞ்சையைத் துடைத்தெடுத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாளை, டெக்குக்குள் ஹெட் பொருத்தியிருக்கும் டிரம்மில் லேசாகப் பொத்தி, டிரம்மைக் கையால் சுற்றினேன். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது, பஞ்சுக்குச்சியும் ஆகாது. இழை மாட்டினால் ஹெட் உடையும். டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பழைய பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்15 டிவிடி ரெக்கார்டரை வைத்தேன். ரெக்கார்ட் செய்ய அல்ல. சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது படத்தின் ஒவ்வொரு வரியும் வரும் நேரம் சீராகும். வளைவு நின்றது. பந்தியில் அவருடைய அப்பா யாரையோ "இன்னா நைனா, எல போட்டாச்சு, வா" என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. அந்த அப்பா இப்போது இல்லை. அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார் அந்தப் பெண்.

இதே நேரக் கோளாறைச் சரிசெய்யும் ஸ்டுடியோ தர டைம் பேஸ் கரெக்டர் இல்லாமல் இதெல்லாம் ஒரு வேலையா என்று சிலர் வருவார்கள். கிடைத்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. குடும்ப கேசட்டுக்கு இது போதும் என்பது என் கைப்பழக்கம் சொல்வது.

அந்த கேசட்டில் தாலி கட்டுவதைச் சுற்றி நிற்கும் அத்தனை சொந்தக்காரர்களும் பார்க்கிறார்கள். இன்றைக்கு வேலூர் மண்டபங்களில் முகூர்த்த நேரத்தில் கேமராக்காரர்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வருகிறோம். பெற்ற தாயையே "கொஞ்சம் நகருங்கம்மா" என்கிறார்கள். இதை யாராவது கேட்க வேண்டும்.

கருவிக்கு வருகிறேன். படமும் ஒலியும் ஒரே கருவி வழியாக உள்ளே போகட்டும். ஒலியைத் தனியாக சவுண்ட் கார்டில் கொடுத்தால் வாயசைவு பிசக வாய்ப்பு அதிகம். எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் ஒயரை விட அதுவே மேல். மலிவான ஹெச்டிஎம்ஐ மாற்று டப்பா வேண்டாம். நம் ஊர் கேசட் 'பால்' என்ற டிவி சிஸ்டம்: 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டாகவே (ஒரு வரி விட்டு ஒரு வரியாக வரும்படியே) பிடியுங்கள். தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி கோடெக்கில் ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி போல இடம் பிடிக்கும்.

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் தயாரிப்பை நிறுத்தியதோடு புது டெக் என்பதே இல்லை. பழையது வாங்கும்போது டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலர் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். முதலில் வேண்டாத கேசட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட்டும் இருந்தால் அது என்டிஎஸ்சி என்ற அந்த ஊர் சிஸ்டம், இரண்டையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக்காகத் தேடுங்கள்.